எல்லாம் வந்து சேர்ந்தனவா?

வட்டகொடை ஸ்டேஷனில் அந்தப் பெட்டி வந்து இறங்கிய நாளில், தோட்டத்துச் சனம் அதைச் சாமி என்றுதான் நினைத்தது. நினைத்ததில் தப்பும் இல்லை. மழை படாமல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். சுமப்பதற்கு நல்ல தோள்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். முன்னால் தோட்டத்து மனேஜர் பெரியதுரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். தேயிலைக்கு நடுவே ஊர்வலம் வளைந்து வளைந்து ஏறியபோது கிழவர் மாயாண்டி ஒரு தேங்காயை உடைத்தே விட்டார். அது கம்ப்யூட்டர் என்பது பிறகுதான் தெரிந்தது. உடைத்த தேங்காயைத் திருப்பி ஒட்டவா முடியும்?

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் அது. தோட்டங்களை ஆளுகிற சபைக்கு, பால் பெருக்கெடுத்து ஓடும் ஏதோ ஒரு குளிர்நாடு அந்த இயந்திரத்தை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. அங்கே மாட்டுப் பண்ணைகளை நடத்துவதற்கென்றே அதைச் செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் என்றால் உள்ளேயிருந்து அதை ஆட்டிவைக்க ஒரு முறைமை வேண்டும். மற்றப் புரோகிராம்கள் எல்லாம் அதன் சொல்கேட்டுத்தான் ஓடவேண்டும். இந்த இயந்திரத்தின் முறைமைக்கு மேய்ப்பன் என்று பேர். மேய்ப்பனுக்கு மாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பண்ணைக்காரர்கள் புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் பழையதை எங்கே தள்ளலாம் என்று யோசித்த நேரம் பார்த்து, எங்கள் சபை கையை நீட்டியிருக்கிறது.

சாமி வந்தால் கோயில் வேண்டுமே! தோட்டத்தில் சிமெந்துத் தரையும் மேல்தட்டும் உள்ள ஒரே கட்டடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். குழந்தைகளைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்ப் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தில் வைத்தார்கள். அதற்குக் கூரை உண்டு, சுவர்தான் இல்லை. குழந்தைகளுக்குச் சுத்தமான காற்று கிடைக்கும் என்று சபையின் பணிப்பாளர் சொன்னார். இயந்திரம் குளிர் அறையில் இருக்கவேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்ததால், பற்கள் கிட்டித்துப்போகிற அந்த ஊருக்குக் கொழும்பிலிருந்து ஒரு குளிரூட்டி வந்து சேர்ந்தது. அறை அளவுக்கு மீறிக் குளிர்ந்து இயந்திரம் நின்றுபோகவே ஒரு ஹீட்டரும் வாங்கினார்கள். இரண்டும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடின.

இரண்டுக்கும் நடுவில், ஒரு பக்கம் வியர்த்தும் மறுபக்கம் நடுங்கியும் உட்கார்ந்திருந்தவன்தான் சூசைரட்ணம். தொழிலாளர் லயத்தில் பிறந்து, டவுனுக்கு நடந்தே போய்ப் படித்து, டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டவன். டைப் அடிக்கத் தெரிந்த குற்றத்துக்காக அவனை முறைமை நிர்வாகி ஆக்கினார்கள். பட்டம் பெரிது, இருப்பு அதே லயத்துக் காம்பராதான். அவன் மனைவி ஐவி முன்போலவே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்வந்தாள்.

தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோல், சம்பளம், லீவு எல்லாவற்றுக்கும் வேறொரு இயந்திரத்துக்காக எழுதிய புரோகிராம்கள் சபையிடம் இருந்தன. அவற்றை மேய்ப்பனின் கீழ் ஓடும்படி மாற்றி ஏற்றவேண்டும். அதற்காக வெளிநாட்டில் பயிற்சி எடுத்து வந்த அலோசியஸ் என்ற நிபுணர், மழைக்கோட்டைக் கழற்றாமலே பத்து நாள் உட்கார்ந்து பார்த்தார். ஏற்றிய எதையும் மேய்ப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலாளி என்றால் அதற்குப் புரியவில்லை. பதினோராம் நாள் பணிப்பாளர் வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சனத்தைக் கூட்டி, விஷயத்தை விளக்கினார்.

"முறைமையை மாற்ற நமக்கு உரிமம் இல்லை. புரோகிராம்களை மாற்ற நமக்கு நேரம் இல்லை. ஆகவே, மிகுந்த ஆலோசனைக்குப் பிறகு, மனிதர்களை மாற்றிக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறோம். இதில் யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. மாற்றம் ஏட்டளவில்தான்."

ஏட்டளவில் லயம் தொழுவம் ஆயிற்று. கொழுந்து பால் ஆயிற்று. கங்காணி கழுத்தில் மணி கட்டிய மாடு ஆனார். ஒவ்வொருவருக்கும் காதில் குத்தும் தகட்டு எண் ஒன்று கொடுக்கப்பட்டது; காதில் குத்தவில்லை, அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள், அதற்காகவும் நன்றி சொல்லச் சொன்னார்கள். தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை கொதித்துப்போய் வேலைநிறுத்தம் என்று எழும்பினார். அவரை அலோசியஸ் உள்ளே கூட்டிப்போய், தலைவரை மாடு என்று போடவில்லை, பொலிகாளை என்று தனி வகுப்பில் போட்டிருக்கிறது என்று காட்டினார். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லையே என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அமைதியாக வெளியே வந்தார். வேலைநிறுத்தம் அத்தோடு படுத்துவிட்டது.

காலையில் இயந்திரத்தை எழுப்பியதும் மேய்ப்பன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எல்லாம் வந்து சேர்ந்தனவா? சூசை ஆம் என்று அடிக்கவேண்டும். அடித்தால்தான் மற்றக் கதவுகள் திறக்கும். இல்லை என்று மட்டும் அடித்துவிடாதே என்று அலோசியஸ் விரலை ஆட்டி எச்சரித்திருந்தார். அப்படி அடித்தால், காணாமற்போன மாடு கிடைக்கும்வரை மேய்ப்பன் எல்லாவற்றையும் பூட்டிவிடும். எல்லாத் தோட்டத்துச் சம்பளமும் இந்த ஒரே இயந்திரத்தில்தான் என்பதால், சபையின் கீழுள்ள எதற்கும் சம்பளம் போடமுடியாது. சூசை நல்ல பிள்ளையாகத் தினமும் ஆம் என்று அடித்தான்.

முதல் கோணல் அழகம்மாவால் தெரியவந்தது. பிள்ளை பெற்று லீவு முடிந்து மலைக்குத் திரும்பியவளுக்கு, முன்பு பறித்ததைவிட அரைவாசி கூடப் பறித்தால்தான் ஒரு நாள் பேர், அதாவது முழுநாள் கூலி, என்று வந்தது. கன்று ஈன்ற மாடு கூடுதலாகக் கறக்கவேண்டும் என்பது மேய்ப்பனின் ஞானம். அழகம்மா மாலையில் மூச்சு வாங்க வந்து, நெறைய வேணாமுங்க, பழைய அளவே போதுங்க என்று அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று இயந்திரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சூசைக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த கோணல் அவன் வீட்டிலேயே விழுந்தது.

ஐவிக்கு ஆண் குழந்தை பிறந்தது, சொன்ன காலத்துக்கு முந்தி, மழை கொட்டிய ஒரு விடியலில். மருத்துவிச்சி சண்முகவடிவு நனைந்த புடவையோடு ஓடிவந்து கையில் ஏந்தியவள், மூச்சைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுஷி அவள். ஆனால் வேதக்கார வீட்டுப் பிள்ளை ஞானஸ்நானத் தண்ணீர் வார்க்காமல் போய்விடக்கூடாது, ஆபத்தில் யாரும் வார்க்கலாம் என்று கோயில் சிஸ்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கிளாசில் இருந்த வெந்நீரை ஆற்றி, பிள்ளையின் தலையில் மூன்று தரம் வார்த்து, சொல்லவேண்டியதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். என்ன பேரு என்று கேட்டாள். சூசை தன் தகப்பன் பேரைச் சொன்னான். கஸ்பர். மறுநாள், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லொறியிலேயே கஸ்பர் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்த சூசை, ஐவியின் பிரசவ லீவைப் பதியத்தான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தான். கன்று இருக்கிறதா என்று மேய்ப்பன் கேட்டது. இறந்தது என்று அடித்தான். உடனே பதில் வந்தது: கன்று இறந்தால் தாய் மறுநாளே கறவைக்கு அனுப்பப்படும். நாளைக் காலை பெரட்டுக்கு ஐவி வரவேண்டும். உறுதியா என்று கேட்டுவிட்டு, பச்சை எழுத்து மின்னி மின்னிக் காத்திருந்தது.

சூசை பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தான். அவர் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

"நமக்கும் மனிதாபிமானம் உண்டு, தம்பி. ஆனால் அதற்கு இந்த முறைமையில் இடம் ஒதுக்கப்படவில்லை. யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் தெரிகிறது. பராமரிக்கக் குழந்தை இல்லை என்றால் லீவு எதற்கு?"

அவன் ரிசீவரை வைத்தான். லயத்தில் ஐவி பால் கட்டிக்கொண்டு, மாரில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு அவன் உறுதியில்லை என்று அடித்தான். கன்று இருக்கிறதா என்று மேய்ப்பன் மறுபடி கேட்டது. இருக்கிறது என்று அடித்தான். லீவு சரியாகிவிட்டது, கன்றுக்கு ஒரு எண்ணும் வந்தது. பேர் தேவையில்லை என்றது மேய்ப்பன்.

லீவு கிடைத்ததே, அத்தோடு போகும் என்றுதான் பாவி மனுஷன் நினைத்தான். போகவில்லை. உயிரோடு இருக்கிற கன்றுக்கு வாராவாரம் எடை பதியவேண்டும். முதலில் வாய்க்கு வந்ததை அடித்தான். பிறகு அது மனசுக்கு ஒப்பவில்லை. இரண்டு மாசத்துப் பிள்ளை என்ன எடை இருக்கும் என்று சண்முகவடிவிடம் வேறு ஏதோ பேசுவதுபோல் கேட்டான். மழை வாரத்தில் கொஞ்சம் குறைத்தான், சளி பிடித்திருக்கும் என்று. வெயில் வந்ததும் ஏற்றினான். ஒருநாள் ஏறிய எடையைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் ஐவியிடம் சொல்ல லயத்துப் பாதிவழி வரைக்கும் வந்து, நடுப்பாதையில் நின்றுவிட்டான்.

ஐவிக்கு அது சத்துமா மூலமாகத்தான் தெரிந்தது. வளரும் கன்றுக்குத் தீனி என்று மேய்ப்பன் துண்டு அடித்தனுப்ப, ஸ்டோர்க்காரர் பேர் கூப்பிட்டு அவள் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, சூசை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து எல்லாவற்றையும் சொன்னான். சாமான் பறக்கும், குறைந்தது நாலு வார்த்தையாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தான்.

"இப்ப என்ன எடைங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் ஐவி.

சொன்னான்.

"கொஞ்சம் கூட்டிப் போடுங்க. எங்க அம்மா பக்கத்துப் புள்ளைங்க எல்லாம் பருத்த புள்ளைங்க."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவனும் அழுதான். அடுத்த வாரம் கூட்டித்தான் போட்டான்.

அந்த மழைக்காலம் பொல்லாதது. சுவரில்லாத மடுவத்தில் கிடந்த குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. அழகம்மாவின் பெண் குழந்தைதான் முதலில் போனது. கன்று போனதென்று பதிந்தால் துக்கத்துக்குக்கூட நிற்கவிடாமல் அடுத்த நாளே மலைக்கு ஓட்டுவார்கள், சளி பிடித்த கன்று என்று பதிந்தால் தாய்க்குச் சில நாள் லீவு உண்டு என்பது அதற்குள் லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அழகம்மா இருட்டுக்கட்டுமுன்னே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். இந்தமுறை கும்பிடவில்லை. "எம்புள்ளையவும் வச்சுக்கங்க தம்பி" என்றாள். அவன் வைத்துக்கொண்டான். பிறகு இன்னும் சில தாய்மார் வந்தார்கள். யாருக்கு அவன் முடியாது என்பான்? எல்லாவற்றுக்கும் எடை போட்டான். ஒவ்வொன்றுக்கும் அதனதன் தாயிடம் கேட்டுத்தான் போட்டான். பற்களுக்கென்று ஒரு இடம் இருந்தது, பல் முளைத்ததையும் பதிந்தான்.

வருஷக் கடைசியில் மேய்ப்பன் தன் கணக்கை ஒப்பித்தது. அந்தத் தோட்டத்தில் அந்த வருஷம் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. சபை ஆனந்தக் கூத்தாடியது. பால் நாட்டிலிருந்து பாராட்டு வந்தது, பணிப்பாளருக்குப் பதக்கம் உறுதியானது. சாவே இல்லாத இடத்தில் மருத்துவிச்சி எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. சண்முகவடிவையும் ஆஸ்பத்திரி லொறியையும், பிள்ளைக் கணக்கை மட்டும் இன்னும் காகிதத்தில் எழுதிக் குழந்தைகளைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்த கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். கட்டளை வந்தபோது ஐவிக்கு மறுபடியும் ஐந்து மாசம்.

சூசை அன்றே புறப்பட்டான். கொழும்புக்கு ரயிலேறிப் போய், பணிப்பாளர் காலில் விழாத குறையாக நடந்ததை எல்லாம் சொன்னான். குழந்தைகள் செத்துவிட்டன, மருத்துவிச்சியைத் திருப்பி அனுப்புங்கள் என்றான். பணிப்பாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் உன்னிடம் அத்தாட்சி இல்லை. முறைமையிடம் இருக்கிறது. வாராவாரம் எடை ஏறியிருக்கிறது, பல் முளைத்திருக்கிறது. இத்தனை ஆரோக்கியமான குழந்தைகளைச் செத்ததாகச் சொல்ல உனக்கு எப்படி மனசு வருகிறது?"

அலோசியஸ்தான் இரக்கப்பட்டு வாசல்வரை வந்தார். எடை ஏறுகிற கன்று சாகாது என்பது மேய்ப்பனின் விதி, முந்திய தேதிக்குச் சாவைப் போடவும் விடாது, ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். மூன்று மாதம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், பிறகு மேய்ப்பன் சாவை ஒப்புக்கொள்ளும். நல்ல வழிதான். சூசை திரும்பிவந்து கஸ்பரின் எண்ணைத் திறந்து, போன வாரத்தைவிடக் குறைவாக ஒரு எடையை அடிக்கப் பார்த்தான். விரல் இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட எந்தத் தகப்பனால் முடியும்?

பதக்க விழாவைத் தோட்டத்திலேயே வைத்தார்கள். பெரட்டுக்களத்தில் மேடை, மாலை, மைக். பால் நாட்டுத் துரை ஒருவர் வந்திருந்தார். சாவை வென்ற குழந்தைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கவேண்டும், எண்ணைக் கூப்பிட்டதும் உயர்த்திக் காட்டவேண்டும் என்று உத்தரவு. தாய்மார் வந்தார்கள், வெறுங்கையோடு. வராவிட்டால் அரைப்பேர் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் வந்து நின்ற நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. மேடையிலிருந்து பார்த்தால் எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பணிப்பாளர் அந்த வெள்ளையைப் பார்த்துப் பேசினார்.

"எவ்வளவு குழந்தைகள் கூடியிருக்கிறார்கள், ஒரு சின்ன அழுகைச் சத்தம் கேட்கிறதா, பாருங்கள்! திருப்தியடைந்த குழந்தைகளின் அமைதி இது. பழைய நிர்வாகத்தில் இப்படி ஒரு அமைதியை யாராவது கேட்டதுண்டா?"

விருந்தினர் கைதட்டினார். எண்களைக் கூப்பிடும் வேலை நிர்வாகிக்கு. சூசை மைக்கின் முன்னால் வந்து முதல் எண்ணை வாசித்தான். பனிக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்ததை வாசித்தான், அதற்கும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பணிப்பாளர் தலையை ஆட்டி, இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். கடைசியாகத் தன் மகனின் எண் வந்தது. அதையும் வாசித்தான்.

"அவனுக்குப் பேரு இருக்குங்க" என்று ஐவியின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "கஸ்பர்."

கொஞ்சம் பொறுத்து அழகம்மாவின் குரல் வந்தது. "எம்புள்ள பேரு நாகலெட்சுமிங்க." அப்புறம் இன்னொரு குரல், இன்னொரு பேர். கத்தவில்லை யாரும். சம்பளத்தன்று பேர் கூப்பிட்டால் பதில் சொல்வார்களே, அப்படித்தான் சொன்னார்கள். பணிப்பாளர் மெய்சிலிர்த்துப்போனார். பார்த்தீர்களா, தாய்மார் நன்றி தெரிவிக்கிறார்கள் என்று விருந்தினருக்கு மொழிபெயர்த்தார்.

மறுநாள் காலை சூசை இயந்திரத்தை எழுப்பினான். எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று மேய்ப்பன் கேட்டது. அவன் இல்லை என்று அடித்தான்.

உள்ளே எதுவோ கடகடவென்று பூட்டிக்கொண்டது. எது வரவில்லை என்று கேட்டது மேய்ப்பன். கஸ்பர் என்று அடித்தான். அப்படி ஒரு எண் இல்லை என்றது. மறுபடி கேட்டது, எல்லாம் வந்து சேர்ந்தனவா? இல்லை. எது? நாகலெட்சுமி. அப்படி ஒரு எண் இல்லை. எண் என்ன என்று அவனுக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொரு பேராக அடித்தான், முடிந்ததும் கஸ்பரிலிருந்து திரும்பவும் தொடங்கினான்.

வெயில் ஏறுவதற்குள் எல்லாத் தோட்டத்துக் கிளாக்கர்மாரும் சபையைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். தொலைபேசி அலறியது. பணிப்பாளர் கோபிக்கவில்லை, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நிர்வாகத்தில் ஒரு சொல்தான் தம்பி வித்தியாசம். ஆம் என்று அடி, எல்லாம் திறந்துகொள்ளும், எல்லாவற்றையும் மறந்துவிடுவோம்.

கண்ணாடிக்கு வெளியே ஐவி நின்றிருந்தாள். ஆறு மாச வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மலைக்குப் போகாமல் வந்திருந்தாள்.

"இன்னும் வரலிங்க ஐயா" என்றான் சூசைரட்ணம். "மருத்துவிச்சி அம்மாவும் வரல, புள்ளைங்களும் வரல."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பவும் இல்லை என்று அடித்தான்.